மகன் பெயருக்கு வீட்டை இப்போதே எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர், வயது 72. மனைவிக்கு 66. கும்பகோணத்தில் என் சம்பளத்தில் மனை வாங்கிக் கட்டிய வீடு என் பெயரில் இருக்கிறது. ஒரு மகன், ஒரு மகள். இருவருக்கும் திருமணம் ஆகிவிட்டது. மாடி கட்ட வங்கிக் கடன் வாங்க வேண்டும் என்பதால் வீட்டைத் தன் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதித் தரும்படி மகன் கேட்கிறான். செலவும் குறைவு என்கிறான். எனக்குச் சில மாதங்களாக லேசான மறதி இருக்கிறது. செட்டில்மெண்ட் எழுதுவதா, உயில் எழுதுவதா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் மகன், மகள், வங்கிக் கடன் எல்லாம் வருகின்றன, உங்கள் காலத்துக்குப் பிறகு உங்கள் மனைவி எந்த உரிமையில் அந்த வீட்டில் இருப்பார் என்பது மட்டும் வரவில்லை. அவர் உங்களைவிட ஆறு வயது இளையவர். ஆகவே அவரை முன்னிறுத்தியே பதில் சொல்கிறேன்: செட்டில்மெண்ட் வேண்டாம், உயில் எழுதுங்கள்.

உயில் உங்கள் மறைவுக்குப் பிறகே செயலுக்கு வரும். அதுவரை வீடு உங்களுடையது, மனம் மாறினால் உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். தான செட்டில்மெண்ட், அதாவது விலை வாங்காமல் உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம், அப்படியல்ல. பத்திரம் பதிவாகி மகன் அதை ஏற்றுக்கொண்ட அன்றே உரிமை அவருக்குப் போய்விடும். பிறகு நீங்கள் தனியாகச் சார்பதிவாளர் அலுவலகம் போய் ஒரு ரத்துப் பத்திரம் எழுதி அதை முறிக்க முடியாது. அவ்வாறு ஒருதலையாக ரத்து செய்வது செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2022-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. செலவைப் பற்றி உங்கள் மகன் சொல்வது உண்மைதான். தமிழ்நாட்டில் குடும்ப உறுப்பினருக்கு எழுதும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம், உச்சவரம்பு 10,000 ரூபாய். செலவு குறைவு என்பதற்காகவே அவசரப்பட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு கலங்கி நிற்கும் பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் கோட்டாட்சியர் அலுவலக விசாரணை ஒன்றில் ஒரு அம்மாள் மஞ்சள் பையிலிருந்து தன் செட்டில்மெண்டின் நகலை எடுத்து என்னிடம் நீட்டினார். "இன்று முதல் நீரே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன் புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்ற வழக்கமான வாசகம் முழுமையாக இருந்தது. மகன் தாயைப் பராமரிக்க வேண்டும் என்ற ஒரு வரி அதில் எங்கும் இல்லை. "பெத்த புள்ளைகிட்ட அதையெல்லாமா எழுதி வாங்குவாங்க சார்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அந்த ஒரு வரிக்குச் சட்டத்தில் இருக்கும் எடையை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007-இன் 23-ஆவது பிரிவின்படி, அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு அறுபது வயது நிறைந்த ஒருவர் எழுதிக் கொடுத்த சொத்தை, பெற்றுக்கொண்டவர் அந்த நிபந்தனையை மீறினால், கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம் செல்லாததாக அறிவிக்கலாம். அத்தகைய நிபந்தனை இருந்தது என்று நிலைநாட்டினால்தான் இந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் கூறியது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இது முதியோர் நலனுக்கான சட்டம் என்பதால் தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று சொல்லி, மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவருக்குச் சொத்தைத் திரும்பக் கொடுக்கச் செய்தது. அந்த வழக்கில் தாயைக் கவனித்துக்கொள்வதாக மகன் தந்த உறுதிமொழி எழுத்தில் இருந்தது. அன்பும் பாசமும் காரணமாக எழுதப்பட்ட பத்திரத்தில் நிபந்தனை மறைமுகமாக அடங்கியிருப்பதாகச் சென்னை உயர் நீதிமன்றம் கருதிய தீர்ப்பும் உண்டு. ஆனால் முதுமையில் வழக்காடி அப்படியொரு தீர்ப்பைப் பெற வேண்டிய நிலைக்கு உங்களை நீங்களே ஏன் கொண்டு போக வேண்டும்?

மகனின் தேவையும் நியாயமானதே. வீடு உங்கள் பெயரிலேயே இருக்க, நீங்களும் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்டுக் கடன் பெற முடியுமா என்று முதலில் வங்கியில் விசாரிக்கச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் தவணை தவறும்போது அடமானத்தில் இருக்கும் வீட்டுக்கே ஆபத்து என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கி மறுத்து, எழுதியே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வீடு முழுவதையும் எழுதாதீர்கள். மாடி கட்டிக்கொள்ளும் உரிமையையும் அதற்குரிய பிரிக்கப்படாத மனைப் பாகத்தையும் மட்டும் எழுதுங்கள். அந்தப் பத்திரத்திலும், நீங்கள் இருவரும், உங்களுக்குப் பிறகு உங்கள் மனைவியும், ஆயுள் உள்ளவரை கீழ்த்தளத்தில் குடியிருக்கும் உரிமையும், மகன் உணவு, மருத்துவம் முதலிய தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையும், தவறினால் செட்டில்மெண்ட் ரத்தாகும் என்ற வாசகமும் வெளிப்படையாக இருக்க வேண்டும். பத்திரத்திலேயே எழுதியிருந்தால், பின்னாளில் அந்தப் பாகத்தை விலைக்கு வாங்குபவர் "எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது.

இனி உயிலுக்கு வருகிறேன். நீங்கள் ஒன்றும் எழுதாமல் போனால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் மனைவி, மகன், மகள் மூவருக்கும் வீட்டில் சமமாக மூன்றில் ஒரு பங்கு வரும் (நீங்கள் இந்து என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்). சுயார்ஜித சொத்து, அதாவது நீங்களே சம்பாதித்தது என்பதால் உயிலில் உங்கள் விருப்பப்படி பிரிக்கலாம். என் யோசனை, முதலில் மனைவிக்கு ஆயுள்வரை குடியிருக்கும் உரிமை, அவருக்குப் பிறகு மகனுக்கும் மகளுக்கும் என்பதே. மகள் ஒன்றும் கேட்கவில்லை என்பதால் அவருக்கு ஒன்றும் வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

மறதியைப் பொறுத்தவரை ஒத்திப்போடாதீர்கள். தாம் செய்வது இன்னதென்று அறியும் தெளிவு எழுதும் நேரத்தில் இருந்தால் போதும், உயில் செல்லும். ஆனாலும் பிற்காலத்தில் வழக்கு வந்தால் முதலில் கேள்விக்குள்ளாவது அந்தத் தெளிவுதான். எழுதும் நாளிலேயே உங்களைப் பார்த்துவரும் மருத்துவரிடம் சான்று பெறுங்கள். உங்கள் எதிரில் கையெழுத்திடும் சாட்சிகள் இருவர் தேவை. இருவரும் உங்களைவிட இளையவர்களாகவும் உயிலால் பயன்பெறாதவர்களாகவும் இருக்கட்டும், ஏனென்றால் நாளை அவர்களில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். பதிவு கட்டாயமில்லை, ஆனால் உங்கள் நிலையில் பதிவு செய்வதே நல்லது. உங்கள் காரியங்களைப் பார்க்க மகனுக்குப் பவர் எழுதிக் கொடுக்கும் எண்ணம் இருந்தால், உங்கள் மனநிலை தவறும் நாளிலேயே அந்தப் பவர் முடிந்துவிடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். பலரும் நேர்மாறாக நம்பியிருக்கிறார்கள். வங்கி வைப்புகளை மனைவியுடன் 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்றிவிடுங்கள்.

பதிவு செய்த உயில் வில்லங்கச் சான்றில் வராது. உங்கள் ஆயுட்காலத்தில் உங்களைத் தவிர வேறு எவருக்கும் அதன் நகல் கிடைக்காது. ஆகவே அது எந்த அலுவலகத்தில், எந்த எண்ணில் பதிவானது, அசல் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை மனைவியிடமும் மகளிடமும் சொல்லிவையுங்கள்.