சம்பந்தி வீட்டுத் துப்பாக்கி

(மாட்டுங்காவிலிருந்து வாசகர் கேள்வி-பதில்)

கேள்வி: போன இதழில் நீங்கள் சொன்னதை நம்பி ரிச்சர்ட் காண்டனின் ‘பிரிட்ஸிஸ் ஆனர்’ நாவலை வாங்கிப் படித்தேன். கொலை, கடத்தல், மறுபடி கொலை. இதற்கா விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதினீர்கள்?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: நான் சிரித்தது அந்தக் குடும்பத்தின் கௌரவத்தைப் பார்த்து அம்மா. பிரிட்ஸி என்பது நியூயார்க் புரூக்ளினில் ஒரு மாஃபியா குடும்பம். அவர்களுடைய ஆஸ்தான கொலையாளி சார்லி. பெரியவரின் பேத்தி மேரோஸுக்கு அவனைத்தான் நிச்சயம் செய்திருந்தார்கள். அவள் இன்னொருவனோடு ஓடிப்போக, குடும்பமே அவளை ஒதுக்கிவைக்கிறது. ஆளைத் தீர்த்துக்கட்டுவது அந்த வீட்டில் தொழில்; பெண் ஓடிப்போனதுதான் மானக்கேடு!

சார்லி கட்டிக்கொள்கிற ஐரீனும் கூலிக்குக் கொலை செய்கிறவள்தான். தம்பதி சமேதராக ஒரு வங்கி அதிபரைக் கடத்தப் போகிறார்கள். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் திறக்கிறது, தளம் மாறி ஒரு பெண் வந்து நிற்கிறாள். ஐரீன் சுட்டுவிடுகிறாள். செத்தது போலீஸ் கேப்டனின் மனைவி. அப்புறம் என்ன, கோபத்தில் போலீஸ் மாமூல் வாங்க மறுத்துவிடுகிறது! ஊரிலுள்ள மாஃபியா குடும்பங்கள் எல்லாம் வியாபாரம் படுத்துப்போய்த் தலையில் கை வைத்து உட்கார்கின்றன. அந்தப் பக்கங்களை லோக்கல் ரயிலில் படிக்காதீர்கள், எதிர் சீட்டுக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.

கேள்வி: நம்ம பம்பாய் தாதா வரதராஜ முதலியார் கதையை யாராவது இப்படி எழுத முடியுமா?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: தாராளமாக. தூத்துக்குடியிலிருந்து வந்து பம்பாய் வி.டி. ரயில்வே ஸ்டேஷனில் மூட்டை தூக்கியவர், மதுவிலக்கின் புண்ணியத்தில் கள்ளச்சாராயத்தில் பெரிய ஆளானார். மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் அவர் போட்ட கணபதி பந்தல் ஊர்ப் பிரசித்தம். எங்கள் கட்டடத்து மாமி ஒருவர், “சாராயக்காரன் பந்தலா, சிவ சிவா!” என்பார். சதுர்த்தியன்று பார்த்தால் முதல் வரிசையில் நின்று, மடிப்புக் கலையாத பட்டுப்புடவையில், சுண்டல் தொன்னையோடு திரும்புவார். ‘உப்பு கொஞ்சம் கம்மி’ என்று விமரிசனம் வேறு. எழுதுகிறவருக்கு அந்தத் தொன்னையே போதும்.

1988இல் முதலியார் சென்னையில் இறந்தார். இன்னமும் நமக்கு அவர் ஒன்று தர்மப்பிரபு, இல்லையென்றால் அரக்கன். ஆனால் ஒன்று, சாராயத்தால் குடும்பம் அழிந்தவர்களை வைத்து யாராவது தமாஷ் பண்ணினால் நானே முதல் ஆளாகத் திட்டி எழுதுவேன்.

கேள்வி: நாவல் படிக்க நேரமில்லை. படம் பார்த்தால் போதாதா?
– ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: நாவல் 1982, படம் 1985. திரைக்கதையில் காண்டனும் உண்டு, அதனால் மோசம் போக மாட்டீர்கள். இயக்கியவர் ஜான் ஹூஸ்டன். மேரோஸாக நடித்த அவர் மகள் அஞ்செலிகாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே தன் அப்பா வால்டரையும் இயக்கி ஆஸ்கர் வாங்க வைத்தவர் ஜான். குடும்பத் தொழில் என்றால் இதுவல்லவா! ஆனாலும் புத்தகத்தையே முதலில் படியுங்கள். கிங்ஸ் சர்க்கிள் நடைபாதைக் கடைகளில் பழைய பிரதி கிடைக்கிறதா பாருங்கள், பேரம் பேசாமல் வாங்காதீர்கள்.