பழைய கணினியில் பாட்டு திக்கித் திக்கி ஒலிப்பது ஏன்?

குளச்சலில் உங்கள் வீட்டிலுள்ள விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் பாட்டு திக்கித் திக்கி ஒலிப்பதாகவும், ஸ்பீக்கரை மாற்றியும் பயனில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்போது மவுசும் சேர்ந்து தடுமாறினால், நான் முதலில் ஐயுறுவது ஹார்டு டிஸ்க்கைத்தான். ஏனெனில் தரவுப் பரிமாற்றத்தில் 6 முறை பிழை நேர்ந்தாலே எக்ஸ்பி அதன் வேகத்தை ஒரு படி குறைக்கும், பிழைகள் தொடர்ந்தால் எல்லாச் சுமையும் பிராசசர்மேல் விழும் பிஐஓ முறைக்கே இறக்கிவிடும். டிவைஸ் மேனேஜரில், ஹார்டு டிஸ்க் இணைந்திருக்கும் வழியான பிரைமரி ஐடிஇ சேனலின் அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் பிஐஓ என்றிருந்தால், அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து கணினியை மறுபடி தொடங்குங்கள். எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டறிந்து வேகமான டிஎம்ஏ முறைக்குத் திரும்பும்.

சில நாளில் மீண்டும் திக்கினால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஹார்டு டிஸ்க்கை மதர்போர்டுடன் இணைக்கும், கடற்காற்றின் உப்பு ஏறியிருக்கக்கூடிய தட்டைக் கேபிளின் முனைகளைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். அதற்கு முன்பே பாட்டுகளையெல்லாம் தயவுசெய்து பென் டிரைவில் படியெடுத்துவிடுங்கள்.