ஐடி கார்டில் ரத்த வகை: மகளிடம் எப்போது சொல்வது?

கேள்வி: எனக்கு 46 வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம், நாலு தடவை ஐவிஎஃப் தோற்றுப்போய், கடைசியில் டோனர் கருமுட்டை வைத்துப் பிறந்தவள் என் மகள். விந்தணு கணவருடையது. சுமந்து பெற்றது நான். எங்களையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது. ‘அப்படியே எங்க வீட்டுச் சாடை’ என்று மாமியார் அவளைக் கொஞ்சும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். இப்போது அவளுக்கு ஆறரை வயது. ஐடி கார்டுக்காகப் பள்ளியில் ரத்த வகை கேட்டு ஃபார்ம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் ஓ பாசிட்டிவ். அவள் பி பாசிட்டிவ். நாலு நாளாக ஃபார்ம் என் ஹேண்ட்பேக்கிலேயே கிடக்கிறது. ‘ஓ’ என்று எழுதிவிடலாமா? அவளிடம் என்றைக்காவது உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா? சொன்னால் என்னோடு ஒட்டாமல் போய்விடுவாளோ?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: முதலில் ஃபார்ம். பி பாசிட்டிவ் என்றே எழுதி நாளைக்குக் கொடுத்துவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரியிலும் ஐடி கார்டைப் பார்த்து ரத்தம் ஏற்ற மாட்டார்கள், பரிசோதித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். அதனால் உயிருக்கு ஆபத்து என்றெல்லாம் உங்களைப் பயமுறுத்தப் போவதில்லை. ஆனால் இதுவரை நீங்கள் சொல்லாமல் இருந்தீர்கள், அவ்வளவுதான். ‘ஓ’ என்று எழுதிய நிமிஷத்திலிருந்து அது பொய். சொல்லாமல் இருந்ததற்கு அவளிடம் பின்னால் ஆயிரம் காரணம் சொல்லிக்கொள்ளலாம். உங்கள் கையெழுத்திலேயே இருக்கும் பொய்க்கு என்ன சொல்வீர்கள்? பத்தாம் வகுப்பை முடிப்பதற்குள் ரத்த வகையும் மரபியலும் படித்துவிடுவாள். இரண்டு ஓ சேர்ந்து பி வராது என்பதை நோட்டில் நாலு கட்டம் போட்டே கண்டுபிடித்துவிடலாம்.

அடுத்தது, ‘என்றைக்காவது’. வேண்டாம், இந்த வருஷமே சொல்லிவிடுங்கள். ‘பதினெட்டு ஆகட்டும், விவரம் தெரியட்டும்’ என்பதுதான் நம் வீடுகளில் வழக்கமான யோசனை. பதினெட்டில் சொன்னால் அவளுக்கு உறைப்பது கருமுட்டை விஷயமாக இருக்காது. பதினெட்டு வருஷம் மறைத்தீர்களே என்பதுதான் உறைக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சூசன் கோலம்பாக் குழுவினர், 2000ஆம் ஆண்டையொட்டிப் பிறந்த பிரிட்டிஷ் குழந்தைகளை இருபது வயதுவரை தொடர்ந்து பார்த்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். கருமுட்டை தானம், விந்து தானம், வாடகைத் தாய் வழியாகப் பிறந்த பிள்ளைகள் உள்ள 65 குடும்பங்கள். இயல்பாகக் கருத்தரித்த 52 குடும்பங்கள். பிள்ளைகளின் மனநலத்தில் வித்தியாசம் இல்லை. ஏழு வயதுக்கு முன்பே சொல்லத் தொடங்கிய வீடுகளில் உறவு இன்னும் நன்றாக இருந்தது, அம்மாக்களிடம் பதற்றமும் குறைவு. எண்ணிக்கை சிறியது, ஊரும் வேறு. ஆனாலும் என்னிடம் ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் நான் பார்ப்பதும் இதைத்தான்.

அதே ஆய்வில் உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது. விந்து தானம் பெற்ற வீட்டு அம்மாக்களைவிடக் கருமுட்டை தானம் பெற்ற அம்மாக்கள், தங்கள் குடும்ப உறவைப் பற்றிச் சற்றுக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். மரபுத் தொடர்பு இல்லையே என்ற உறுத்தல் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கருத்து. மாமியார் கொஞ்சும்போது உங்கள் வயிற்றைப் பிசைவதும் அதுதான். ஒட்டாமல் போவாளோ என்ற பயம் உங்களுடையது, குழந்தையுடையது அல்ல. நாலு தோல்விகளின் துக்கத்தை எங்கும் இறக்கி வைக்காமலேயே பிள்ளை வளர்க்க ஓடியிருக்கிறீர்கள். ஒரு கவுன்சலரிடம் இரண்டு மூன்று முறை உட்கார்ந்து அழுதுவிட்டு வாருங்கள். அதற்குப் பிறகு மகளிடம் பேசினால் குரல் நடுங்காது. குழந்தைகள் வார்த்தையைவிடக் குரலைத்தான் கவனிப்பார்கள்.

எப்படிச் சொல்வது? தனியாகக் கூப்பிட்டு உட்காரவைக்காதீர்கள், ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று நினைப்பாள். தலை பின்னும்போது போதும். ஒரு எச்சரிக்கை: உங்கள் ஊரில் ‘முட்டை’ என்று ஆரம்பித்தால் அவளுக்குக் கோழிப்பண்ணைதான் ஞாபகம் வரும். என்னிடம் வந்த ஒரு அம்மா இப்படித்தான் மாட்டிக்கொண்டார். ‘அந்த ஆன்ட்டி கொக்கரிச்சாங்களா?’ என்று கேட்டதாம் பிள்ளை. கருமுட்டை ஒரு முற்றுப்புள்ளியைவிடச் சின்னது, ‘விதை’ என்றே சொல்லலாம்.

‘பாப்பா வரணும்னா அம்மாகிட்ட இருந்து ஒரு குட்டி விதை, அப்பாகிட்ட இருந்து ஒரு குட்டி விதை வேணும் தங்கம். அம்மா விதை சரியா வேலை செய்யல. ஒரு அக்கா அவங்க விதையில ஒண்ணு குடுத்தாங்க. அப்பாவோட விதையையும் அதையும் சேர்த்து டாக்டர் என் வயித்துல வச்சாங்க. அப்புறம் நீ இங்கதான் வளர்ந்த.’

இவ்வளவுதான். ‘அந்த அக்கா வீடு எங்க?’ என்று கேட்பாள். தெரியாது என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். அடுத்த நிமிஷம் ரிப்பன் நிறத்துக்குப் போய்விடுவாள். மறந்துகூடப் போகலாம். ஆறு மாசம் கழித்து மறுபடி சொல்லுங்கள், எட்டு வயதில் கொஞ்சம் கூடுதலாக. அந்தப் பெண்ணை ‘இன்னொரு அம்மா’ என்று மட்டும் சொல்லாதீர்கள், குழந்தைக்குக் குழப்பம்.

‘உங்க ரத்தம்தானே அவ உடம்புல ஓடுது’ என்று உங்களுக்கு யாராவது ஆறுதல் சொல்லியிருக்கலாம். அது அறிவியல் இல்லை. நச்சுக்கொடி வழியாகச் சத்தும் ஆக்சிஜனும் போகும், தாயின் ரத்தமும் சேயின் ரத்தமும் கலப்பதில்லை. ஐடி கார்டே மறுக்கப்போகும் ஒரு கதையை அவளிடம் சொல்ல வேண்டாம். சுமந்தது உண்மை, பெற்றது உண்மை. அதைச் சொன்னால் போதும்.

உங்கள் கடிதத்தில் கணவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. அவர் மனசு தெரியாமல் ஆரம்பிக்காதீர்கள். அவர் தயங்கினால் சில மாதம் பொறுக்கலாம், வருஷக்கணக்காக அல்ல. மாமியாரிடம் அவர்தான் சொல்ல வேண்டும், மகளிடம் பேசுவதற்கு முன்பே. ஏனென்றால் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொன்ன எதுவும் ஒரு வாரத்தில் பாட்டி காதுக்குப் போய்விடும். ‘பாட்டிகிட்ட சொல்லாதே’ என்று அவள் வாயைக் கட்டினால், தன் பிறப்பில் ஏதோ அசிங்கம் இருக்கிறது என்றுதான் புரிந்துகொள்வாள். மாமியார் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பேத்தி முகத்தில் இருப்பது அவர் வீட்டுச் சாடைதான் என்பது மாறப்போவதில்லையே! அக்கம்பக்கத்துக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

நாளைக்குக் கருமுட்டை கொடுத்த பெண் வந்து உரிமை கேட்பாளோ என்று இந்த இடத்தில் பலரும் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: முடியாது. உங்கள் மகள் பிறந்தபோது நடப்பிலிருந்த 2005ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) வழிகாட்டு நெறிகளும், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்பு (ஏஆர்டி) சட்டமும் தானம் கொடுத்தவருக்குப் பெற்றோர் உரிமை எதையும் தரவில்லை.

இன்னொரு வேலை இருக்கிறது, இதைத் தள்ளிப்போடாதீர்கள். சிகிச்சை எடுத்த மருத்துவமனைக்குப் போய், டோனரின் பெயர் இல்லாமல், வயது, ரத்த வகை, எடுத்த பரிசோதனைகள், குடும்பத்தில் இருந்த நோய்கள் ஆகிய விவரங்களை எழுத்தில் கேளுங்கள். குழந்தை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். ‘உங்க குடும்பத்துல சுகர் இருக்கா, தைராய்டு இருக்கா’ என்று அவர் கேட்கும்போது, உங்கள் அம்மாவின் சர்க்கரை நோயை மகள் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அந்தக் காகிதங்களை அவள் பிறப்புச் சான்றிதழ் இருக்கும் ஃபைலிலேயே வையுங்கள். பீரோவின் அடியில் தனியாக வேண்டாம்.