ஈபிபி தீசிஸ் எடுத்தவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

(நோயாளிக்குச் செய்வதை ஆய்வு ஆதாரம் பார்த்துச் செய்வதுதான் ஈபிபி. நர்சிங் மாணவிகளுக்கு அது எவ்வளவு தெரியும் என்று அளக்கப் போகிறவர்கள் கேட்டவை இவை.)

மேடம், அப்டன் கேள்விப்படிவத்தை எடுக்கச் சொல்கிறார் என் கைடு. சரியா?

2006இல் பிரிட்டனில் வந்தது அது. 24 வரிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். நல்ல டூல்தான். மாணவர்களுக்கென்று 21 வரிகளில் தனி வடிவமும் இருக்கிறது. ஆனால் அதில் மாணவி தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்கிறாள். "எனக்கு நன்றாக ரசம் வைக்க வரும்" என்கிறாள். நாம் ஒரு வாய் குடித்துப் பார்க்கவில்லை. தலைப்பில் 'அறிவு' என்று போட்டுவிட்டு இதை மட்டும் வைத்தால், வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்படியென்றால் ரசத்தைக் குடித்துப் பார்க்க எது இருக்கிறது?

அமெரிக்காவில் செவிலியருக்காகவே உருவாக்கிய ஈகான் இருக்கிறது. 20 கேள்விகள், விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2003இல் வந்த ஃப்ரெஸ்னோ டெஸ்ட் இன்னும் ஆழமானது. ஒரு நோயாளியின் நிலையைச் சொல்லி, கேள்வியை நீயே உருவாக்கு, எங்கே தேடுவாய் என்று எழுதவைக்கும். மொத்தம் 212 மதிப்பெண். டாக்டர்களுக்காக வந்தது, திருத்துவதற்குள் கை ஒடிந்துவிடும். எதை எடுத்தாலும் உருவாக்கியவர்களிடம் அனுமதி வாங்குங்கள்.

நானே கேள்வி தயாரிக்கலாமா அக்கா?

தாராளமாக. ஆனால் "பிக்கோவின் விரிவாக்கம் என்ன?" என்று கேட்காதீர்கள். நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்று பிரித்துக் கேள்வியை அமைக்கும் முறைதான் பிக்கோ; விரிவாக்கத்தை மட்டும் கேட்டால் அது மனப்பாடம். வார்டில் நடப்பதை எடுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாள் பிளேடால் மழிக்கும் வழக்கம் எவ்வளவு காலமாக இருக்கிறது! 2016இல் உலக சுகாதார நிறுவனம், முடியை அகற்றவே வேண்டாம், அகற்றித்தான் ஆகவேண்டும் என்றால் கிளிப்பரால் வெட்டுங்கள், மழிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. இதை வைத்தே நாலு கேள்வி போடலாம். இங்கே நோயாளி யார், எதை எதோடு ஒப்பிடுகிறோம், எந்த விளைவைப் பார்க்கிறோம்? சீனியர் சிஸ்டரின் அனுபவம், ஒரே ஒரு வார்டில் செய்த ஆய்வு, பல ஆய்வுகளைத் திரட்டிய சிஸ்டமேட்டிக் ரிவ்யூ: எதற்கு எடை அதிகம்? தேட என்ன சொற்களைப் போடுவாய்? அப்புறம், சரி-தவறு என்று திருத்தும் கேள்விகளுக்கு ரிலையபிலிட்டி (கேள்வித்தாளின் நம்பகத்தன்மை) பார்க்க கேஆர்-20 என்ற கணக்கு போதும்.

பாடம் நடத்துவதற்கு முன் ப்ரீடெஸ்ட், பின் போஸ்ட்டெஸ்ட்: இரண்டுக்கும் ஒரே கேள்வித்தாளா?

எல்லோரும் அதைத்தான் செய்கிறோம், நானும் செய்தேன். ஏழாம் நாளே அதே தாளைக் கொடுத்தால் மதிப்பெண் ஏறத்தான் செய்யும். அது பாடம் நடத்தியதாலா, கேள்வி நினைவிருந்ததாலா? ஈபிபி அறிவை அளக்கும் இன்னொரு டூலான பெர்லின் கேள்வித்தாளில் 15 கேள்விகள் கொண்ட இரண்டு தொகுப்புகள் இருப்பது இதற்காகத்தான். உங்களால் இரண்டு தயாரிக்க முடியாவிட்டால், பாடம் நடத்தாத ஒரு குழுவையாவது ஒப்பீட்டுக்கு வையுங்கள்.

50 சதவீதத்துக்குக் கீழே 'போதாது', 75க்கு மேல் 'போதும்' என்று பிரிக்கலாமா?

அந்த 50, 75 எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "போன பேட்ச் அக்கா தீசிஸில் இருந்தது" என்பீர்கள். ஆதாரம் பற்றிய தீசிஸில் அந்தப் பதிலா! சராசரியையும் திட்ட விலக்கத்தையும் போடுங்கள். எந்தக் கேள்வியில் அதிகம் பேர் தவறினார்கள் என்று ஒரு அட்டவணை சேருங்கள். பாடம் எடுப்பவருக்கு அதுதான் உதவும்.

கூகுள் ஃபார்மில் அனுப்பலாமா மேடம்?

அனுப்பலாம். விடையும் கூகுளிலிருந்தே வரும். வகுப்பில் உட்காரவைத்துத் தாளில் எழுதச் சொல்லுங்கள்.