சாஃப்ட்வேரைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? ஃப்ரீவேர், ஃபர்ம்வேர், மால்வேர் எல்லாம் என்னவாகும்?

சாஃப்ட்வேருக்குப் பிரெஞ்சுச் சொல் 'லொஜிசியெல்', ஆண்பால். ஹார்ட்வேருக்கு 'மத்தேரியெல்'. கேள்வி அத்தோடு நின்றிருந்தால் பதிலும் நின்றிருக்கும். நீங்கள் அந்தக் குடும்பம் முழுவதையும் கேட்டிருக்கிறீர்கள். தொழில்நுட்பக் கையேடுகளை மொழிபெயர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பலரும் சறுக்குவது அங்கேதான்.

நாம் தமிழில் மென்மையையும் வன்மையையும் அப்படியே வாங்கி மென்பொருள், வன்பொருள் என்று ஆக்கிக்கொண்டோம். பிரெஞ்சு அந்த வழியில் போகவில்லை. சாதனங்களைக் குறிக்க மத்தேரியெல் ஏற்கெனவே வழக்கில் இருந்தது. அதற்கு ஒத்திசைவாக, தர்க்கத்தைக் குறிக்கும் 'லொஜீக்' என்பதிலிருந்து லொஜிசியெல்லை வார்த்தெடுத்தார்கள். 1970-களில் அது நிலைபெற்றது. கம்ப்யூட்டருக்கு லத்தீன் அறிஞர் ஜாக் பெர்ரே 1955-இல் ஐபிஎம் கணினி நிறுவனம் கேட்டுக்கொண்டதன் பேரில் முன்மொழிந்த 'ஒர்தினத்தர்', கணினித் துறைக்கு 1962-இல் ஃபிலிப் திரேஃபுஸ் உருவாக்கிய 'அன்ஃபொர்மத்தீக்' ஆகியவையும் இதே தலைமுறைச் சொற்கள்தான். மூன்றுமே இன்றும் அன்றாடப் பேச்சில் புழங்குகின்றன. புதிதாக ஆக்கிய சொற்களுக்கு இப்படி வாய்ப்பது அபூர்வம்.

முதலில் இலக்கணத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் சாஃப்ட்வேர் தண்ணீர், மணல் போல எண்ண முடியாத பெயர். லொஜிசியெல்லை எண்ணலாம்: ஒரு லொஜிசியெல், இரண்டு லொஜிசியெல். அது பெயரடையாகவும் வரும். ஐபோனைப் பிரெஞ்சு மொழிக்கு மாற்றிப் பாருங்கள், சாஃப்ட்வேர் அப்டேட் இருந்த இடத்தில் 'மீஸ் ஆ ஜூர் லொஜிசியெல்' என்று இருக்கும். 'மீஸ் ஆ ஜூர்' பெண்பால் என்பதால், எழுதும்போது லொஜிசியெல்லின் கடைசியில் ஓர் 'எல்' எழுத்தும் ஓர் 'இ' எழுத்தும் கூடுதலாகச் சேரும். உச்சரிப்பில் வித்தியாசமே தெரியாது. காதால் கேட்டு எழுதுகிறவர்கள் கோட்டைவிடும் இடம் இது. சாஃப்ட்வேர் இன்ஜினியரிங் 'ஜெனி லொஜிசியெல்'. இங்கே ஜெனி என்பதற்குப் பொறியியல் என்று பொருள், மேதை என்று எடுத்துக்கொண்டால் வாக்கியம் வேடிக்கையாகிவிடும்.

இனி குடும்பம். 'இசியெல்' என்ற வாலை ஒட்டி ஒரு காலத்தில் ஏராளமான சொற்களை உருவாக்கினார்கள். எல்லாம் பிழைக்கவில்லை. விளையாட்டு மென்பொருளுக்கு வைத்த 'லுதிசியெல்' ஏறக்குறைய மறைந்தேவிட்டது, எல்லோரும் வீடியோ கேமைக் குறிக்கும் 'ஜே விதெயோ' என்றே சொல்கிறார்கள். பயிற்சி மென்பொருளுக்கான 'திதக்திசியெல்' பிழைத்தது, ஆனால் பொருள் நகர்ந்து இன்று டுட்டோரியலைக் குறிக்கிறது. நிறுவனங்களுக்கு விற்கும் ஆயத்த மென்பொருள் தொகுப்பான 'ப்ரொஜிசியெல்' அலுவலக ஆவணங்களில் நலமாக இருக்கிறது. சாதனத்துக்குள்ளேயே பதித்து வரும் மென்பொருளான ஃபர்ம்வேர் 'மிக்ரொலொஜிசியெல்'. தீங்கு செய்யும் மென்பொருளான மால்வேருக்கு 'லொஜிசியெல் மல்வெயான்' என்று விரித்தே எழுதுங்கள். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கு 'ரான்சோன்ஜிசியெல்'. உச்சரிக்கக் கொஞ்சம் பல் தேயும் என்றாலும் பிரான்ஸின் அரசு இணையப் பாதுகாப்பு முகமையே அதைத்தான் பயன்படுத்துகிறது. பிரிண்டர் போன்ற சாதனங்களைக் கணினியோடு இயக்கும் மென்பொருளான டிரைவரை இந்த வாலோடு தேடாதீர்கள், அது விமானி என்றும் பொருள் தரும் 'பிலோத்'.

ஃப்ரீவேர் விஷயத்தில் பிரெஞ்சு நமக்கு உதவவே செய்கிறது. ஆங்கிலத்தின் 'ஃப்ரீ' இலவசமா, சுதந்திரமா என்று குழப்பும். பிரெஞ்சில் இரண்டும் வேறு வேறு: இலவசம் 'கிராத்துயி', சுதந்திரம் 'லீப்ர்'. காசு வாங்காமல் தரும் மென்பொருள் 'லொஜிசியெல் கிராத்துயி'. மூல நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தருவது 'லொஜிசியெல் லீப்ர்', அதை விலைக்கும் விற்கலாம். நீங்கள் மொழிபெயர்க்கும் ஆங்கில ஆவணத்தில் வெறும் 'ஃப்ரீ சாஃப்ட்வேர்' என்று மட்டும் இருந்தால், உரிமத்தைப் படிக்காமல் மொழிபெயர்க்காதீர்கள்.

வாசகர் எந்த நாட்டவர் என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். கனடாவின் கியூபெக்கில் ஃப்ரீவேரை 'கிராத்துயிசியெல்' என்றும் மால்வேரை 'மலிசியெல்' என்றும் ஒரே சொல்லில் எழுதுவார்கள். மின்னஞ்சலுக்கான 'கூரியெல்' கியூபெக்கில் பரவிய பிறகு, 2003-இல்தான் பிரான்ஸ் அரசு அதை அதிகாரபூர்வமாக ஏற்றது. பிரான்ஸில் அரசிதழில் வெளியான கலைச்சொற்களை அரசுத் துறைகள் பயன்படுத்தியாக வேண்டும். தனியார் அலுவலகப் பேச்சில் 'மெயில்', நிரல் பிழைக்கு 'பக்' என்று ஆங்கிலம் தாராளமாகவே புழங்குகிறது. அப்லோடுக்குக் கியூபெக்கில் 'தெலெவெர்ஸே' என்ற தனிச்சொல் பரவலாக உண்டு. பிரான்ஸிலோ பலர் டவுன்லோடு, அப்லோடு இரண்டுக்குமே 'தெலெஷார்ஜே' என்பார்கள். பிரான்ஸ் வாசகருக்கான பொத்தானில் அந்த ஒற்றைச் சொல்லை மட்டும் போட்டால் கோப்பு எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாது. நான் அங்கே அனுப்புதலைக் குறிக்கும் 'ஆன்வொயே' என்று எழுதிவிடுவேன்.