சாயத்தில் குற்றமில்லை, பொடியைப் பாருங்கள்

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடு பொடி பூசிய கண்ணாடியைப் பிளாக்பெர்ரிச் சாற்றில் ஊறவைத்துச் சூரியக் கலம் செய்தேன். வெயிலில் 0.4 வோல்ட் காட்டுகிறது. நான்கைத் தொடராக இணைத்தும் சிவப்பு எல்.இ.டி. எரியவில்லை. அடர் சாயம் வாங்கினால் எரியும் என்கிறார் கிட் விற்றவர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். 0.4 வோல்ட் வருகிறதென்றால் சாயம் வேலை செய்கிறது. சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 1.8 வோல்ட் தேவை. உங்கள் நான்கு கலமும் சேர்ந்து 1.6தான். சுமை ஏறினால் அதுவும் இறங்கிவிடும். ஏழெட்டுக் கலமாவது வேண்டும்.

அடுத்து, மீட்டரை மில்லி ஆம்பியருக்கு மாற்றி ஒவ்வொரு கலத்தையும் தனியாக அளந்து பாருங்கள். நல்ல வெயிலில் சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லி ஆம்பியர் வந்தாலே பழச் சாயத்துக்கு அது நல்ல அளவு. தொடர் இணைப்பில் நோஞ்சான் கலம் ஒன்று இருந்தால் மற்றவற்றையும் கீழே இழுத்துவிடும். அறிவியல் கண்காட்சிகளில் வோல்ட்டைப் பார்த்தே பரிசு கொடுத்துப் பழக்கிவிட்டார்கள். மின்னோட்டம் எவ்வளவு என்று கேட்க நாதியில்லை.

மின்னோட்டம் 0.1 மில்லி ஆம்பியரைக்கூடத் தொடவில்லையா? சாயத்தைப் பிடித்து வைக்கும் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியைச் சந்தேகியுங்கள். பெயிண்ட் ரகப் பொடிக்கு ‘நானோ’ என்று சீட்டு ஒட்டித் தள்ளிவிடுபவர்கள் உண்டு. அதன் துகள் 200, 300 நானோமீட்டர். மேலே சிலிக்கா, அலுமினா பூச்சு வேறு. சாயம் ஒட்ட இடமே இருக்காது. உங்களுக்கு வேண்டியது 25 நானோமீட்டர் அளவிலான, அனடேஸ் என்ற படிக வகைப் பொடி. எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்குங்கள்.

450 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சுட்டு ஆறவைத்த பொடிப் படலத்தைச் சாற்றில் பத்து நிமிடம் ஊறவைத்து, கண்ணாடிப் பக்கம் திருப்பிப் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் இன்னும் ஊறட்டும். தண்ணீரில் அலசும்போதே நிறம் ஓடினால் சாயம் பிடிக்கவே இல்லை.

சிவந்த பழமெல்லாம் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்ட்ராபெர்ரியில் பெரும்பாலும் இருப்பது பெலார்கோனிடின் என்ற நிறமி. டைட்டானியத்தைக் கவ்விப் பிடிக்க நிறமி மூலக்கூறின் ஒரே வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன் ஜோடி) வேண்டும், இதில் ஒன்றுதான். சாற்றைச் சுண்டக் காய்ச்சினாலும், ராத்திரி முழுக்க ஊறவைத்தாலும் அந்த இரண்டாவது முளைத்துவிடாது. பிளாக்பெர்ரி, மாதுளையில் அது உண்டு.

கிட்காரரிடம் காசு கொடுத்தே ஆகவேண்டுமென்றால், கூடுதல் கலங்களுக்கு மின்சாரம் கடத்தும் பூச்சுள்ள கண்ணாடி வாங்குங்கள். ஃபுளோரின் கலந்த வெள்ளீய ஆக்சைடு பூச்சுதானா என்று கேளுங்கள். இண்டியம் பூச்சைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உலைச் சூட்டில் அதன் மின்தடை எகிறிவிடும்.