ஜெல் மெழுகுவத்தி: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெல்களைப் பற்றி எழுதும்போது ‘ஸ்பாஞ்சுக்குள் தண்ணீர் நிற்பதுபோல’ என்று சொல்லியிருந்தீர்கள். எங்கள் வீட்டில் கண்ணாடிக் குவளையில் ஊற்றிய ஜெல் மெழுகுவத்தி இருக்கிறது. அதில் பெரும்பகுதி எண்ணெய்தான் என்கிறார்கள். ஆனால் விரலால் அழுத்தினால் குழிந்து, எடுத்ததும் மேலே வந்துவிடுகிறது. லேசான பிசுபிசுப்பைத் தவிர எண்ணெய் எதுவும் கசியவில்லை. ஸ்பாஞ்சு என்றால் பிழிந்துகொண்டு வந்திருக்க வேண்டாமா? போன மே மாதம் காரின் முன்கண்ணாடியை ஒட்டி மறந்து வைத்துவிட்டேன். ஒரு பக்கமாகச் சரிந்து அப்படியே இறுகிவிட்டது. ரப்பர் இப்படிச் செய்யாதே?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஸ்பாஞ்சு உவமை தப்புதான், எடுத்துவிடுகிறேன். ஸ்பாஞ்சில் தண்ணீர் ஓட்டைகளுக்குள் நிற்கிறது. உங்கள் மெழுகுவத்தியிலோ எண்ணெய் பாலிமர் சங்கிலிகளோடு, அதாவது சிறு அலகுகள் கோத்த நீளமான மூலக்கூறுகளோடு, கரைந்து கலந்தே கிடக்கிறது. விரலால் பிழிந்து வராது.

இவ்வகை ஜெல்லில் ஒவ்வொரு சங்கிலிக்கும் மூன்று துண்டுகள். இரு முனைகளிலும் பாலிஸ்டைரீன், அதாவது தெர்மாகோல் செய்கிற அதே பொருள். நடுவில் நீளமான, ரப்பர் போன்ற துண்டு. பிளாக் கோபாலிமர் என்பது இதைத்தான். நடுத்துண்டு மினரல் ஆயிலில் நன்றாகக் கரையும். முனைகளுக்கு எண்ணெய் ஆகவே ஆகாது. ஆனால் நடுத்துண்டோடு பிணைந்திருப்பதால் பிரிந்து ஓடவும் வழியில்லை. அதனால் பக்கத்துச் சங்கிலிகளின் முனைகளோடு சேர்ந்து குட்டி உருண்டைகளாகத் திரண்டுகொள்கின்றன. ஓர் உருண்டை 10, 20 நானோமீட்டர் இருக்கும் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்). சாதாரண வெப்பத்தில் கண்ணாடி மாதிரிக் கடினம். சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் முடிச்சு அதுதான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். ஒரு சங்கிலியின் ஒரு முனை இந்த உருண்டையிலும் மறுமுனை அடுத்த உருண்டையிலும் இருந்தால் அது பாலம். இரண்டு முனையும் ஒரே உருண்டைக்குள் புகுந்துகொண்டால் வெறும் வளையம். உங்கள் விரலைத் தாங்குவது பாலங்கள்தான். பக்கத்து வளையத்தோடு சிக்கிக்கொண்ட வளையங்கள் கொஞ்சம் கைகொடுக்கும், மற்றவை சும்மா கிடக்கும். பாலிமர் குறைந்தால் உருண்டைகளுக்கிடையே தூரம் கூடும், எட்டாத சங்கிலிகள் வளையமாகிவிடும். பாலிமரை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு பக்கம் மட்டும் பாலிஸ்டைரீன் உள்ள சங்கிலிகளைக் கலந்தால் ஜெல் தளர்ந்துபோகும். பாலம் போட அவற்றுக்கு இன்னொரு கை இல்லை.

சரி, குழிந்தது ஏன் மேலே வருகிறது? நடுத்துண்டு நெளிந்து சுருண்டு கிடக்க எத்தனையோ விதங்கள் உண்டு, நீண்டு நிற்கச் சில விதங்களே. வெப்ப அசைவே அதைத் திரும்பச் சுருட்டிவிடுகிறது. மிகவும் இழுத்தால் சுருள் தீர்ந்து ஜெல் விறைக்கும். அதற்கும் மேலே போனால் முனைகள் உருண்டையிலிருந்து உருவிக்கொண்டு வந்து, ஜெல் கிழியும்.

டயர் ரப்பரில் முடிச்சு என்பது கந்தகம் போட்ட வேதிப்பிணைப்பு, வெயிலுக்கு அவிழாது. பாலிஸ்டைரீன் உருண்டையோ சூட்டில் இளகிவிடும். கட்டியாக இருந்தால் 100 டிகிரி அளவில் இளகும். இவ்வளவு குட்டை முனைகள் இவ்வளவு சிறிய உருண்டைகளில் இருக்கும்போது அதற்கு முன்பே இளகும். உங்கள் காரில் முனைகள் ஒவ்வொன்றாக நழுவி வேறு உருண்டைகளில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. ஆறியதும் சரிந்த வடிவிலேயே முடிச்சு விழுந்துவிட்டது. ஷெல் நிறுவனம் 1960களில் கிரேட்டான் என்ற பெயரில் இந்தக் குடும்பத்து ரப்பர்களை விற்கத் தொடங்கியதும் இந்தக் குணத்தை நம்பித்தான். உருக்கி வார்க்கலாம், மறுபடியும் உருக்கலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். நண்பரின் ஆய்வகத்தில் புளுரானிக் எஃப் 127 என்ற பாலிமரைத் தண்ணீரில் 20 சதவீதம் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தார்கள். சீசாவை ஆட்டினால் தண்ணீராகவே சளசளத்தது. இரு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே அசைவு நின்றுவிட்டது. கவிழ்த்தோம், ஒரு சொட்டு விழவில்லை. இதிலும் சங்கிலிக்கு மூன்று துண்டுகள்தான், ஆனால் முனைகள் தண்ணீரில் நன்றாகக் கரைபவை. நடுத்துண்டுக்குத்தான் சூடு ஏற ஏறத் தண்ணீர் பிடிக்காமல் போகிறது. உருண்டைகள் திரண்டு, கடையில் அடுக்கிய ஆரஞ்சுகள்போல நெருக்கி நிற்கின்றன. பாலத்தை நம்பாமல் அந்த நெருக்கத்திலேயே ஜெல் நிற்கிறது. ஊசிக்குழாயில் இட்டு அழுத்தினால் வழிந்தது, விட்டதும் நின்றது. அப்புறம் சீசாவை ஐஸில் வைத்தோம். பழையபடி தண்ணீராகிவிட்டது.